பதினெட்டு அடி ரகசியம்

மாந்தோப்புப் பாளையத்தை ஆண்ட வீரபூபதி ராஜாவுக்கு இரண்டு தலைவலிகள். ஒன்று, வடக்குத் தெரு இருளப்ப ஆசான். இன்னொன்று, தெற்குத் தெரு சங்கிலி ஆசான். இருவரும் குத்துவரிசை என்னும் கைச்சண்டையில் கெட்டிக்காரர்கள். வெறுங்கையால் வாளைப் பிடுங்கும் ‘பதினெட்டு அடி’ தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இருவருமே மீசையை முறுக்குவார்கள். யாருக்கும் சொல்லித் தர மாட்டார்கள்.

எல்லையில் பகைவன் படை கூடியது. ராஜா இருவரையும் அழைத்து, “என் காவலர் முப்பது பேருக்கு அதைக் கற்றுக்கொடுங்கள்” என்றார்.

“பன்னிரண்டு வருஷம் எனக்குக் கால் பிடிக்கட்டும். அப்புறம் யோசிக்கலாம்” என்றார் இருளப்பர்.

“பரம்பரை ரகசியம் மகாராஜா! பெற்ற பிள்ளைக்கே பாதிதான் சொல்லியிருக்கிறேன்” என்றார் சங்கிலி.

ராஜாவின் கோபம் விகடகவி அம்பலவாணர் மேல் பாய்ந்தது. “நாளை உச்சிவேளைக்குள் என் காவலர் அதைக் கற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் ஊரைவிட்டுக் கிளம்பலாம்!”

மறுநாள் அரண்மனை முற்றத்தில் காவலர்கள் அணிவகுத்து நின்றார்கள். ஆசான்கள் இருவரும் ராஜாவின் பக்கத்தில். அம்பலவாணர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, தொப்பை குலுங்க வந்தார்.

“ஆசான்கள் எதற்கு? நானே கற்றுத் தருகிறேன். இருளப்ப ஆசான் வீட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. இதோ, பதினெட்டு அடி!”

கையை விசிறினார். கொதிநீரை மிதித்தவர்போல் குதித்தார்.

இருளப்பருக்கு முகம் சிவந்தது. “சீ! என் வித்தையில் இந்த நொண்டியாட்டமா? இடக்கால் பின்னே! முழங்கை உள்ளே! இப்படி!” ஆடியே காட்டிவிட்டார்.

சங்கிலி ஏளனமாகச் சிரித்தார். “இதுவும் நொண்டிதான். அடுத்த அடிக்கு இடுப்பு திரும்ப வேண்டாமா? பாரும்!”

“அது எனக்குத் தெரியாதா? மூன்றாவதைப் பார்!”

“நாலாவதை என்னிடம் கேள்!”

அவர்கள் ஓய்ந்தபோதெல்லாம் அம்பலவாணர் ஒரு கோணல் அடி போட்டார். உடனே இருவரும் மறுபடி பாய்ந்தார்கள். பதினெட்டும் முடிந்தது. மூச்சிரைக்கத் திரும்பிப் பார்த்தால், முப்பது காவலரும் அச்சு பிசகாமல் கடைசி அடியில் நிற்கிறார்கள்!

“திருட்டு!” என்று அலறினார்கள் ஆசான்கள்.

“நான் என்ன திருடினேன்? நான் ஆடியது தப்பு. சரியாக ஆடியது நீங்கள். பாடம் அரை நாழிகைதான். மீதிப் பன்னிரண்டு வருஷமும் கால் பிடிக்கத்தானா?”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். “அம்பலவாணருக்கு ஒரு முத்துமாலை! ஆசான்களுக்கு ஆளுக்கொரு பட்டுச் சால்வை!”

“இரண்டு சால்வை எதற்கு மகாராஜா?” என்று தடுத்தார் அம்பலவாணர். “இருவரிடமும் இருந்தது ஒரே வித்தைதான். ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இருவரையும் சேர்த்தே போர்த்திவிடலாம்!”