புளியோதரைக்குள்ள போன கப்பு

ஒரு ஊர்ல ஒரு சந்தேகக்காரர் இருந்தார். பேரு மாசிலாமணி. கடைக்காரன் சிரிச்சா "எதுக்குச் சிரிக்கான்?"ம்பார். சிரிக்கலேன்னா "எதை மறைக்கான்?"ம்பார். வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். டொக், டொக். பொண்டாட்டி கையால காப்பி குடுத்தாக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பார்.

ம் கொட்டு. கொட்டாம எனக்குக் கதை ஓடாது.

பொண்டாட்டி பேரு தங்கபுஷ்பம். வயசுல கபடி ஆடினவ. மூச்சைப் பிடிச்சுப் பாடிக்கிட்டு உள்ள போனா, ஆளைத் தொடாமக் கோட்டுக்குத் திரும்ப மாட்டா. அவ டீம் ஜெயிச்ச பித்தளைக் கப்பு ஒண்ணு, ரெண்டு பக்கமும் காது வெச்சது, பரண்ல கிடந்துச்சு.

அப்போ டவுன்ல இருந்து ஆள் வந்துச்சு. "ஸ்டேடியத்துல விளையாட்டு மியூசியம் திறக்கோம். பழைய ஆட்டக்காரங்களுக்கு மரியாதை. மேடையில உங்க பேரைக் கூப்பிடுவோம், கப்பைத் தூக்கிக் காட்டணும். அப்புறம் அது கண்ணாடிப் பெட்டியில இருக்கும், ஊரே பார்க்கும்."

தங்கபுஷ்பத்துக்குக் கால் தரையில பாவல. கல்யாணத்துக்கு அப்புறம் அவளை ஒருத்தரும் மேடைக்குக் கூப்பிட்டதில்ல.

ஆள் அந்தப் பக்கம் போனதும் மாசிலாமணி ஆரம்பிச்சார். "பித்தளை என்ன விலை விக்குது? கப்பை வாங்கிட்டு ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பிருவான்."

"அவனாவது துண்டு போர்த்துதான். நீரு என்னத்தப் போர்த்தினீரு?"

அவர் திட்டம் போட உக்காந்தார். முதல் பஸ்ஸுல போகணும். டிரைவருக்குப் பின்னால சீட்டு. யாரு கேட்டாலும் கல்யாண வீட்டுக்குப் போறோம்னு சொல்லணும். இருட்டுறதுக்குள்ள வீடு திரும்பணும். எல்லாம் சரி. கப்பை எப்படிக் கொண்டு போறது? பஸ் பூரா கை இருக்குமே!

கிளம்புற அன்னைக்குத் தங்கபுஷ்பம் புளியோதரை கிண்டினா. "கட்டுச்சோத்தை நானே கட்டுதேன்"னார். அடுப்படிப் பக்கமே வராத மனுஷன்! அவ தலை வார உள்ள போனதும், கப்புக்குள்ள வாழை இலையைச் சுருட்டி வெச்சு, சோத்தை அமுக்கி, மேல ஒரு இலை மூடி, வேட்டியால சுத்தி மூட்டையாக் கட்டிட்டார். அப்புறம் ஒரு பெரிய சொம்புல தண்ணி ரொப்பி, மூடி திருகி, சேலைத் துணியில பொதிஞ்சு அவ கையில குடுத்தார். "இந்தா கப்பு. பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்காத."

பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லல. ஏன்? சொன்னா அவ பஸ்ஸுல எல்லாருக்கும் காட்டிருவாளாம். மேடைக்குக் கீழ போனதும் மாத்திக் குடுத்துக்கலாம்னு நினைப்பு. ம் எங்க? ஆங்.

டுர்ர்ர்ர்னு பஸ் கிளம்புச்சு. பக்கத்து சீட்டுக்காரம்மா மூக்கை உறிஞ்சினா. "வாசனை தூக்குதே அண்ணாச்சி, புளியோதரையா? ஒரு கை குடுங்களேன்."

"கெட்டுப்போச்சு."

"கெட்டதையா மடியில வெச்சு இப்படிக் கட்டிப் பிடிக்கீரு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். வேவு பார்க்க வந்தவளா இருக்குமோ?

ஸ்டேடியம் வந்துச்சு. ஜேஜேன்னு கூட்டம். "ஆட்டக்காரங்க அந்த வாசல், மத்தவங்க இந்த வாசல்"னு காவலாளி கத்தினான். மாசிலாமணி வாயைத் திறக்கப் பார்த்தார். சுத்தி அத்தனை காது. மூடிக்கிட்டார். அதுக்குள்ள தங்கபுஷ்பம் சொம்பை அணைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

"பெரியவரே, மூட்டையில என்ன?"

"சோறு."

"சோறு உள்ள போகாது. அந்தக் குவியல்ல வெச்சுட்டுப் போங்க."

வைப்பாரா? கப்புன்னு சொல்லிருக்கலாம். சொன்னா இவன் எடுத்துக்கிட்டா? வெளியிலயே உக்காந்துட்டார். பஸ்காரம்மாவும் தன் தூக்குச்சட்டியோட அங்கதான் உக்காந்திருந்தா.

அப்போ மைக்குல பேரு கேட்டுச்சு. "அடுத்து, தங்கபுஷ்பம் அம்மா! கப்பைத் தூக்கிக் காட்டுங்கம்மா!"

துணியைப் பிரிச்சா. சொம்பு.

"என்னம்மா, தாகமா?"ன்னான் மைக்குக்காரன். கூட்டம் கொல்லுனு சிரிச்சுச்சு. மாசிலாமணி காதுல அந்தச் சிரிப்பு பூரா விழுந்துச்சு. அவ குரல் மட்டும் விழல.

மனுஷன் எந்திரிச்சார். மூட்டையை டர்ருனு பிரிச்சார். "பிடிம்மா, தூக்கைத் திற!" பொதக்குனு சோறு அத்தனையும் பஸ்காரம்மா தூக்குல விழுந்துச்சு.

"இதை அப்பவே குடுத்திருந்தா மடி நொந்திருக்காதே அண்ணாச்சி."

காவலாளி வாயைப் பிளந்தான். "இதான் கப்பா? சொல்லித் தொலைக்கக் கூடாது? ஓடுங்க!"

தடதடன்னு ஓடினார். உள்ள தலை, தலை, ஒரே தலை. மேடை அங்க இருக்கு, வழி இல்ல. நெட்டையா ஒருத்தன் கையை நீட்டினான். "தாங்க, மேலாப்புல கைமாத்தி விட்டுருதோம்."

"நீ யாரு? எந்த ஊரு? உங்கப்பா பேரு என்ன?"

"அதைக் கேட்டு முடிக்கதுக்குள்ள அந்தம்மா இறங்கிருவாங்க!"

"சரிம்மா, அடுத்தவங்க வரட்டும்"னு மைக் சொல்லுச்சு.

மாசிலாமணி கையை விட்டார். ஆமா, விட்டுட்டார்.

கப்பு தலைக்கு மேல போச்சு. இந்தக் கை, அந்தக் கை, வளையல் கை, தழும்புக் கை. நடுவுல பொசுக்குனு முங்கிருச்சு. போச்சு! கபடி பாடிக்கிட்டு உள்ள போனவ மாதிரி இவரும் மூச்சை விடல. அந்தா, எந்திரிச்சிருச்சு. மேடைக்குப் போயிருச்சு.

தங்கபுஷ்பம் அதை ரெண்டு காதையும் பிடிச்சுத் தூக்கினா. உள்ள ஒட்டியிருந்த கறிவேப்பிலை அவ தலையில விழுந்துச்சு. படபடபடன்னு கைதட்டு. இவர் அப்போதான் மூச்சு விட்டார்.

அப்புறம் மியூசியம். கப்பைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க. இவர் பூட்டை இழுத்தார். டொக், டொக். "தாத்தா, கழண்டுரும்"னுச்சு அங்க இருந்த பொண்ணு.

கடைசி பஸ்ஸுல பாதி வழியில அவ கேட்டா. "என்னையுமா நம்பல?"

"நீ எல்லாருக்கும் காட்டிருவேன்னு..."

"காட்டத்தான் செய்வேன். அது என் கப்பு."

"ஏ புஷ்பம், அத்தனை கை பட்டுச்சு. ஒருத்தன்கூட எடுக்கலியே, ஏன்?"னார்.

அவ சொம்பைத் திருகித் திறந்து நீட்டினா. "குடியும்."

வாங்கினார். மோந்து பார்க்காமக் குடிச்சார்.

அவ்வளவுதான். கப்பு பெட்டிக்குள்ள போயாச்சு, கதையையும் பூட்டியாச்சு. கண்ணை மூடு.