தேரிக்காட்டுத் தடம்

அன்று காலை வெயிலுகந்தாள் நடக்கப் போகவில்லை.

குடில் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குடிலுக்கு ஒரு பக்கம் கடல். மறுபக்கம் தேரி. மேடும் பள்ளமுமாகச் சிவப்பு மணல், நடுநடுவே முள் உடைமரம், கொல்லாமரம் என்கிற முந்திரி, தனித்து நிற்கும் பனை. தேரியைத் தாண்டினால் பஸ் போகும் சாலை.

உள்ளே அண்ணாவி கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். என்றோ ஒரு மழைக்காலத்தில் கடற்கரைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். சிஷ்யையான வெயிலுகந்தாளைவிட வயதில் இளையவர். அவள் அவரை அண்ணாவி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். அவர்கள் இருவருக்கும் அதில் குழப்பமில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான்.

"என்னக்கா, இன்னைக்குப் போகலியா?"

"போகல."

"மேலுக்கு முடியலியா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல. இன்னைக்கு நீங்க எனக்குப் பதில் சொல்லணும்."

"கஞ்சி குடிச்சிட்டுக் கேளுங்க."

"குடிக்கதுக்கு முந்தி."

அண்ணாவி அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஞானம் வேணும்னு வந்தேன். வந்த மறுநாள் என்ன சொன்னீங்க? கரையோரமா முனை வரைக்கும் போங்க, அங்கேருந்து தேரியில ஏறிச் சாலைக்குப் போங்க, அதே தடத்துல திரும்பி வாங்கன்னீங்க. ஒரு வருஷமா அதைத்தான் செய்யேன். வேற ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"அதுவும் என்ன வழி! கரையில அலை விட்டுப்போன ஈரமணல், தளம் போட்ட மாதிரி. தேரியில காலைப்பனிக்கு மணல் இறுகிக் கிடக்கும். பால்குடி மறந்த பிள்ளையே நடந்துரும். என்கூடப் படிச்ச ஒருத்தி மலை மடத்துல சேந்திருக்கா. அங்க வெறுங்காலோட பாறையில ஏறணும். கால் கிழிஞ்சு ரத்தம் வருமாம். அவளுக்கு ரத்தம், எனக்கு உலாத்தலா?"

"உங்களுக்கு ரத்தம் வேணுமா?"

"எனக்கு நியாயம் வேணும். கஷ்டமில்லாம ஞானம் வருமா, வராதா?"

"தெரியலக்கா."

"இந்தா, இதுதான்! பதில் சொல்லாம இருக்கதையே பெரிய ஞானம்னு எல்லா குருவும் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அதுக்குப் பேரு ஞானமில்ல, சோம்பேறித்தனம்."

அண்ணாவி சிரித்தார். அவளுக்கு இன்னும் எரிந்தது.

"சிரிங்க. எல்லாருந்தான் சிரிக்காங்க. அந்த மீன்கூடைக்காரி செலின் நேத்து சாலையில வச்சு என்ன சொன்னா தெரியுமா? 'ஏ சாமியாரம்மா, உன் தடத்தைப் பிடிச்சு வந்தா இடுப்பு கழண்டுருது, கொஞ்சம் பாத்து நடக்கப்படாதா'ங்கா. அவ இடுப்புக்கும் என் நடைக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் இடுப்பை நீ பாத்துக்கோன்னேன்."

"ம்." அண்ணாவி அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்தார். "இதெல்லாம் இன்னைக்கு எதுக்கு?"

அவள் குரல் இறங்கியது.

"எங்கம்மா வாரா. மத்தியான பஸ்ஸுல. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வாரா. வந்ததும் கேப்பா, ஒரு வருஷமா என்னட்டி படிச்சன்னு. நான் என்ன சொல்லட்டும்? நடந்தேன்னா? ஊருல ஒவ்வொருத்தர்கிட்டயும் அவ வாயடிச்சுக்கிட்டு நிக்கா, எம்மக ஓடிப்போகல, படிக்கப் போயிருக்கான்னு. ஒரே ஒரு வார்த்தை குடுங்க அண்ணாவி, அவகிட்டச் சொல்ல. இல்லைன்னா நான் அவகூடப் போயிருவேன். சத்தியமாப் போயிருவேன்."

அண்ணாவி தேரியைத் திரும்பிப் பார்த்தார்.

"வழி தெரியுமா அவங்களுக்கு?"

"சாலையில இறங்குனா தடம் கிடக்கும், அதைப் பிடிச்சு வான்னு சொல்லியிருக்கேன்."

"முழங்கால் எப்படி இருக்கு?"

"யாருக்கு? அம்மாவுக்கா? வீங்கித்தான் கிடக்கு. நாலு எட்டு வச்சா நிப்பா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவர் எழுந்து துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க இருங்கக்கா. கஞ்சி அடிப்பிடிக்காமப் பாத்துக்கோங்க. நான் போயிட்டு வாரேன்."

"பதில்?"

அவர் ஈர மணலில் இறங்கி நடந்துவிட்டார்.

வெயிலுகந்தாள் ஜெயித்துவிட்டாள். அப்படித்தான் தோன்றியது. கஞ்சியைக் கிண்டினாள். அம்மாவுக்குச் சொல்லச் சில பெரிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். எதுவும் நிற்கவில்லை. மாற்றுச் சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் போனால் கஞ்சி கொதிப்பதற்குள் திரும்பிவிடுவாள். அண்ணாவியைக் காணோம். கஞ்சி கொதித்து இறக்கி, ஆறி, ஆடை கட்டிவிட்டது. வெயில் ஏறிய பிறகுதான் முனையில் அவர் தலை தெரிந்தது.

"இம்புட்டு நேரமா? நான் இதுக்குள்ள ரெண்டு நடை போயிட்டு வந்திருப்பேன்."

"ஆமாக்கா. நீங்க வேகம்."

கால் கழுவி, ஆறின கஞ்சியைக் குடித்துவிட்டு, குடிலின் பின்புறம் விறகு பொறுக்கப் போய்விட்டார்.

மத்தியானம் சொர்ணக்கிளி வந்து சேர்ந்தாள். அம்மா மூச்சிரைக்க வருவாள், வந்ததும் ஏசுவாள் என்று வெயிலுகந்தாள் தண்ணீர்ச் செம்போடு தயாராக நின்றாள். சொர்ணக்கிளிக்கு மூச்சிரைக்கவில்லை. முந்தானை நிறையக் கொல்லாம்பழம் பொறுக்கி வந்திருந்தாள்.

"ஏட்டி வெயிலு! என்னட்டி எடம் இது!"

"வழி கஷ்டமா இருந்துச்சா எம்மா?"

"கஷ்டமா? பஸ்ஸை விட்டு எறங்குனதும் பகீர்னுதான் இருந்துச்சு. ஒரே செவப்பா, ஆளு இல்லாம. இந்த முட்டிய வச்சுக்கிட்டு எங்க போயி விழுவோமோன்னு. பாத்தா, தடம் கிடக்கு. ஆரோ வாதக்காலுக்காரி முன்னால போயிருக்கா, பாவம். எட்டு சின்னச் சின்னதா. என் காலுக்கு அளவெடுத்தாப்புல. அவ மிதிச்ச எடத்துல மணல் கெட்டியா இருக்கு, அதுலயே மிதிச்சு மிதிச்சு வந்துட்டேன்."

வெயிலுகந்தாள் செம்பை நீட்ட மறந்து நின்றாள்.

"மேடு வந்தா ஏற மாட்டா, சுத்திப் போறா. மரம் வந்தா அடியில போயி நின்னுருக்கா. நானும் நின்னேன். அப்படி ஒரு எடத்துல நின்னு நிமிந்து பாக்கேன், மணல் முடியுற எடத்துல கடலு. நீலமா. கீழ செவப்பு, மேல நீலம். எனக்கு அழுக வந்துட்டு. ஒங்கப்பா போன பெறவு நான் ஒரு எடத்துல நின்னு ஒண்ணைப் பாத்ததில்லட்டி. பாக்க வச்சுட்டா. அந்த மகராசி ஆருன்னு தெரிஞ்சா கையெடுத்துக் கும்புடணும்."

வெயிலுகந்தாள் செம்பை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கரையோரமாக ஓடினாள். கரையில் அலை எல்லாவற்றையும் துடைத்திருந்தது. முனையில் தேரி தொடங்கும் இடத்தில் தடம் கிடந்தது.

அகலமான பாதம். பெருவிரல் விலகியது. பனை மாதிரி வளர்ந்த ஆம்பிளையின் பாதம். ஆனால் எட்டு ஒரு சாண், ஒன்றரைச் சாண். ஒரு காலின் விரலையொட்டி மறுகாலின் குதிகாலை வைத்தது போல. மேட்டின் அடிவாரத்தில் வளைந்து, உடைமரத்தின் நிழலுக்குப் போயிருந்தது. நிழலில் உதிர்ந்து கிடக்கும் முள் தடத்தில் இல்லை. எல்லாம் ஓரத்தில் ஒரு குவியலாக ஒதுங்கிக் கிடந்தது.

அவள் தன் வழக்கமான எட்டை வைத்துப் பார்த்தாள். அவருடைய சுவடுகள் பலவற்றைத் தாண்டி விழுந்தது. நேற்றைய தன் தடத்தைத் தேடினாள். இல்லை. இரவுக் காற்று தினமும் அழிக்கிறது, காலையில் தினமும் அவள் மிதித்துப் புதிதாகப் போடுகிறாள். ஒரு வருஷத்தில் இந்த இரண்டையும் அவள் சேர்த்து யோசித்ததே இல்லை. சீக்கிரம் முடிக்க வேண்டுமே என்று மேட்டின் மேலேயே நேராக ஏறி, நீள நீளமாக எட்டு வைத்து, கோபத்தோடு நடந்த நடை. அதன் பின்னால் தலையில் கூடையோடு செலின்.

அவள் திரும்பி வந்தபோது அண்ணாவி விறகோடு நின்றார்.

"மகராசி இல்ல எம்மா," என்றாள் வெயிலுகந்தாள். "இவங்கதான்."

சொர்ணக்கிளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஆள் மேல் கொட்டுவதற்காக ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் அவளிடம் இருந்தன. வாய் திறந்தது. கைகள் அதற்கு முன் குவிந்துவிட்டன.

அண்ணாவி பதறி விறகைக் கீழே போட்டார்.

"ஐயோ, என்னைய எதுக்குங்க? தினமும் நடக்கது உங்க மகதான். இன்னைக்கு ஒரு நாளுதான் நான்."

"எம்மவளா?" சொர்ணக்கிளியின் முகம் மலர்ந்தது. "ஏட்டி, சொல்லவே இல்ல!"

அண்ணாவி பொய் சொல்லவில்லை. அதுதான் வெயிலுகந்தாளைச் சுட்டது.

மூவரும் கஞ்சி குடித்தார்கள், கருப்பட்டி கடித்துக்கொண்டு. கேள்வி வந்தேவிட்டது.

"சரிட்டி. ஒரு வருஷமா என்ன படிச்ச?"

வெயிலுகந்தாள் யோசித்தாள்.

"இன்னைக்குத்தான் எம்மா ஆரம்பிச்சேன்."

"ஒரு வருஷம் சும்மாவா இருந்த?"

அவள் அம்மாவின் கஞ்சியில் இன்னொரு அகப்பை ஊற்றினாள். சொர்ணக்கிளி மகளை உற்றுப் பார்த்தாள். மூலையில் கட்டி வைத்திருந்த பையையும் பார்த்தாள்.

"வீட்டுல இருந்தப்ப நான் ஒண்ணு கேட்டா நீ ஒம்பது சொல்லுவ. இப்ப வாயை மூடிக்கிட்டு இருக்க. ஆளு மாறித்தான் போயிட்ட." கருப்பட்டித் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டாள். "பையை அவுத்து வையி. நான் மட்டும் போயிக்கிடுதேன். ஊருல ஆரும் கேட்டா, எம்மக போட்ட தடத்துலதான் நான் போயிட்டு வந்தேன்னு சொல்லிக்கிடுதேன்."

"எம்மா, அது..."

"எதுத்துப் பேசாதட்டி. இப்பத்தான் ஒன்னைப் பெருமையாச் சொன்னேன்."

வெயில் தாழ்ந்ததும் வெயிலுகந்தாள் அம்மாவைப் பஸ்ஸுக்குக் கூட்டிப் போனாள். மகள் முன்னால், தாய் பின்னால். "ஏன் இப்படி பைய நடக்க?" என்று சொர்ணக்கிளி ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. சாலை வரை ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வந்தாள்.

திரும்பி வரும்போது காற்று எழுந்துவிட்டது. மணல் கணுக்காலில் சுளீர் சுளீரென்று அடித்தது. அவள் குடிலுக்கு வந்ததும் உட்காரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? இது எதுக்கு, யாருக்குன்னு? ஒழுங்கா நடந்திருப்பேனே. ஒரு வருஷமா அந்த மீன்காரியை நோகடிச்சிருக்கேன். இது அநியாயம் அண்ணாவி."

"நீங்க வந்த அன்னைக்கும் யாரும் சொல்லலியேக்கா."

அவள் நின்றாள். வந்த அன்று உச்சிவெயில். தலையில் டிரங்குப் பெட்டி. ஆளில்லாத சிவப்பு மணல், அதில் யாரோ போன தடம். கொஞ்சமும் களைக்காமல் வந்து சேர்ந்ததும், தேரி என்று பயமுறுத்தினார்களே, இவ்வளவுதானா என்று நினைத்தது நினைவு வந்தது.

மெல்ல உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நடந்தது நீங்களா?"

"அப்போ நாந்தான் நடந்துக்கிட்டிருந்தேன்."

"நீங்க முதமுதல்ல வந்தப்ப? உங்களுக்கு முன்னால யாரு போனா?"

"ஒரு வெள்ளாடு."

"ஆடா?"

"நிறைசினை. நான் ரெண்டு நாள் பட்டினி, திக்குத் தெரியல. அது முன்னால போச்சு. பத்து எட்டு வைக்கும், நிழல்ல நிக்கும். என்னால அதுக்குப் பின்னால மட்டுந்தான் போக முடிஞ்சுது. வேகமாப் போற ஆடா இருந்தா விட்டிருப்பேன்."

"எங்க போச்சு?"

"இங்கதான். இந்த எடத்துல வந்து குட்டி போட்டுச்சு. ரெண்டு."

வெளியே காற்று தடத்தை அழித்துக்கொண்டிருந்தது. அவள் கேட்டாள்.

"அதுக்கு எப்படி நன்றி சொன்னீங்க?"

அண்ணாவி விளக்கைத் தூண்டிவிட்டார்.

"இன்னும் அதோட நடையிலதான்க்கா நடக்கேன்."