தலைமாட்டுக்கு ஒரு இரும்பு

விமான நிலையத்தில் பை சோதிக்கும் மெஷின் முன்னால் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவளிடம் வேலை பழக வந்த ராமபாண்டிக்கு ஐம்பத்திரண்டு. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு அவருக்குக் கடைசிப் பரீட்சை. ஜெசிந்தா தாளில் கையெழுத்துப் போட்டால் வேலை. போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகம். இந்த மெஷின் கண்ணுக்குத் தப்பி ஏதாவது போகுமா?"

அவள் எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள்.

"உக்காருங்கண்ணே. பையைப் பாருங்க."

பைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கதிர் பாய்ந்து, உள்ளே இருப்பதெல்லாம் திரையில் நிறமாக விழுந்தது. துணியும் தின்பண்டமும் ஆரஞ்சு. இரும்பு நீலம். கதிர் நுழைய முடியாத கனம் என்றால் கருப்பு.

"அதிரசம்," என்றார் ராமபாண்டி. "இது செருப்பு. இந்தா, ஒரு பை நிறைய ஊறுகாய். அங்க போய் சோறே திங்க மாட்டானா இவன்?"

"பேசாம பாருங்கண்ணே."

ஒரு சிவப்புப் பை உள்ளே போனது. திரையில் துப்பாக்கி தெரிந்தது.

ராமபாண்டி பொத்தானை அமுக்கினார். பெல்ட் நின்றது.

துப்பாக்கி மறைந்துவிட்டது. அந்த இடத்தில் எழுத்து வந்தது. 'இது சோதனைப் படம். சரியாகப் பிடித்தீர்கள்.'

ஆள் கவனமாகப் பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள, மெஷினே நடுவில் அப்படி ஒரு பொய்யைப் பைக்குள் காட்டும்.

"உசுரு போயிட்டு வந்துச்சு," என்று சிரித்தார் ராமபாண்டி. பெல்ட்டை ஓடவிட்டார். சிவப்புப் பை வெளியே வந்தது. பைக்காரம்மா அதன் கைப்பிடியைத் தொட்டேவிட்டாள்.

"எடுக்காதீங்கம்மா," என்றாள் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா.

பையைத் திறந்தாள். நாலாக மடித்த பிள்ளைத் துண்டு ஒன்று இருந்தது. அதைப் பிரித்தாள். ஒரு சாண் நீளத்துக்குக் கத்தி.

ராமபாண்டி எழுந்து நின்றுவிட்டார்.

"மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு தாயி," என்றாள் அந்தம்மா. "காத்து கருப்பு அண்டாம தலைமாட்டுல இரும்பு வைக்கணும்ல. அந்த ஊர்ல யாரு வைப்பா?"

காவலர் வந்து கத்தியை வாங்கிக்கொண்டார். அந்தம்மாவைத் தனியாகக் கூட்டிப்போய் விசாரித்தார்.

ஜெசிந்தா அந்தப் பையின் படத்தைத் திரும்ப வரவழைத்தாள். இப்போது துப்பாக்கி இல்லை. ஆரஞ்சுக்கு நடுவில் மெல்லிசாக ஒரு நீலக் கோடு. கத்தி தட்டையாகக் கிடக்காமல் ஒருக்களித்து நின்றதால் கோடாகத் தெரிந்தது.

"இது அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பிளேனுக்குள்ள போயிருக்குமே." அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அவள் பரீட்சைத் தாளைக் கையெழுத்துப் போடாமல் மடித்தாள்.

"மெஷின் சரின்னுதானே டீச்சரம்மா சொல்லுச்சு?"

"உங்களைச் சரின்னு சொல்லுச்சுண்ணே. பையைச் சொல்லல."