நரி தைத்த கூரை

மலையோடை காட்டை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு மடு இருந்தது. அதில் கருவிழி என்ற நீர்நாய் தன்னந்தனியாக வாழ்ந்து வந்தது.

முன்பு அந்த மடுவில் ஒன்பது நீர்நாய்கள் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் மீன்களெல்லாம் செத்து மிதந்தன. அடுத்த மழைக்கும் அதே கதி. பசி தாங்காத எட்டும் வேறு ஆறு தேடிப் புறப்பட்டன.

"நீயும் வா!" என்று அழைத்தன.

"இது நான் பிறந்த மடு. மீன் திரும்பி வரட்டும் என்று பார்க்கிறேன்," என்றது கருவிழி.

மீன் வரவில்லை. கருவிழி கரையேறித் தவளையும் எலியும் பிடித்துத் தின்று காலம் தள்ளியது. பேச்சுத் துணைக்குக்கூட யாரும் இல்லை. சில நாள் தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொள்ளும்.

ஒருநாள் சேற்றைக் கிளறியபோது தைத்த தேக்கிலை ஒன்று அகப்பட்டது. சேற்றில் கிடந்தும் மக்கவில்லை. கடித்துப் பார்த்தது. நாக்கு எரிந்தது!

'இலை என்றால் மக்க வேண்டுமே! இது எங்கிருந்து வந்தது?' என்று யோசித்த கருவிழி, ஓடையோரமாக மேலே நடந்தது.

மேட்டுத் தோப்பில் மானும் முயலும் முள்ளம்பன்றியும் அழகான கூரைகளின் கீழ் படுத்திருந்தன. எல்லாம் தேக்கிலைக் கூரைகள். தைத்துக் கொடுத்தது ஒரு குள்ளநரி. பதிலுக்குத் தேனடையும் நாவற்பழமும் அதன் வாசலில் குவிந்து கிடந்தன.

கருவிழி தன் மடுவின் கதையைச் சொன்னது.

"எங்கள் கூரையையா குறை சொல்கிறாய்?" என்று சீறியது முள்ளம்பன்றி. "ஒழுகாது! கறையான் அரிக்காது! ஒரு கெட்ட வாடை உண்டா, முகர்ந்து பார்!"

"நாங்கள் சோதிக்காமலா வாங்கினோம்?" என்றது தோப்பின் தலைவியான கடமான். "ஒரு மழைக்காலம் முழுக்க இதன் கீழே படுத்துப் பார்த்தோம். யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை."

"தலைக்கு மேலே இருக்கும்போது பார்த்தீர்கள், அம்மா. அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது? பழையதானால் எங்கே போகிறது?"

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரி சிரித்தது.

"அக்கா, கூரை கேட்டார்கள். கொடுத்தேன். அதன் சாதகம் எல்லாம் எதற்கு?"

தோப்பே கொல்லென்று சிரித்தது. "யாராவது என்னோடு வந்து பாருங்கள்," என்று கருவிழி கெஞ்சியது. யாரும் எழுந்திருக்கவில்லை. மழை வேறு தூறத் தொடங்கியிருந்தது. கருவிழி மட்டும் நனைந்துகொண்டே நடந்தது.

வடக்குச் சரிவில் மருக்காரைப் புதர்கள் மொட்டையாக நின்றன. காய் ஒன்றுகூட மிச்சமில்லை. புதரில் கூடு கட்டும் குருவிகளும் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு பாறைக்குழி. அதில் காய்களை நசுக்கிக் கரைத்து, கறையான் அரிக்காமலிருக்கத் தேக்கிலைகளை ஊறப்போட்டிருந்தது நரி. மருக்காரைச் சாறு மீனுக்கு நஞ்சு என்பது எந்த நீர்நாய்க்கும் தெரியும். மழையில் குழி நிறைந்தது. சாறு வழிந்து ஓடையில் கலந்தது.

அதோடு முடியவில்லை. தோப்புக்குப் பின்னால் ஒரு பள்ளம். மூன்று மழை கண்ட பழைய கூரைகளை அங்கேதான் வீசியிருந்தார்கள். எதை நல்ல குணம் என்று கொண்டாடினார்களோ, அதுவே இங்கே வினையாகிவிட்டது. கறையான் தொடாத கூரை, மண்ணோடும் சேராமல் மலைபோல் கிடந்தது. அதில் ஊறிய மழைத்தண்ணீரும் ஓடைக்கே போனது.

கருவிழி ஒரு பழைய கூரைத் துண்டைக் கவ்விக்கொண்டது. குழிக்கு மேலே, ஓடை இன்னும் சுத்தமாக இருந்த இடத்தில், ஐந்து கெண்டைக் குஞ்சுகளைப் பச்சைத் தேக்கிலையில் தண்ணீரோடு ஏந்திக்கொண்டது. உயிருள்ள மீனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஆனாலும் தின்னவில்லை.

தோப்புக்குத் திரும்பி, எல்லோரும் பார்க்க ஒரு பாறைப் பள்ளத்து மழைநீரில் மீன்களை விட்டது. அவை துள்ளி நீந்தின. பிறகு கூரைத் துண்டைப் பிய்த்து உள்ளே போட்டது.

"மூன்று மழையில் கழுவிய துண்டு! இதில் என்ன இருக்கப் போகிறது?" என்றது நரி.

கொஞ்ச நேரம் போனது. ஒரு மீன் சாய்ந்தது. பின்னால் நான்கும் மிதந்தன.



"கூரையின் நல்லதையும் சொல்லிவிடுகிறேன்," என்றது கருவிழி. "புல்லுக்கூரை ஒரு மழைக்குத்தான் தாங்கும். ஆண்டுதோறும் புல் அறுக்க வேண்டும். இது மூன்று மழை தாங்குகிறது. அது பொய்யில்லை. ஆனால் அந்த மூன்று மழைக்கு ஒரு சரிவும், ஒரு ஓடையும், ஒரு மடுவும் போய்விட்டன. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள்."

கடமான் நரியின் பக்கம் திரும்பியது. "தண்ணீர் கீழே போகும் என்று உனக்குத் தெரியாதா?"

நரி தலையைத் தொங்கப்போட்டது. "தெரியும், தலைவி. ஆனால் கீழே யாரும் இல்லை என்று நினைத்தேன்."

"நான் இருக்கிறேன்," என்றது கருவிழி.



அன்றே நரி குழியை மண் போட்டு மூடியது. பள்ளத்துக் கூரைகளையும் தலைக்கு மேலிருந்த கூரைகளையும் எல்லோருமாகச் சுமந்துபோய், தண்ணீர் புகாத பாறைக் குகை ஒன்றில் அடுக்கினார்கள். அந்த ஆண்டு தோப்பு புல்லுக்கூரையின் கீழ் கொஞ்சம் நனைந்தது.

மடு தெளிய இரண்டு ஆண்டுகள் ஆயின. மீன் வந்தது. போன எட்டு நீர்நாய்களும் வரவில்லை. அவற்றுக்கு வேறு ஆறு, வேறு குட்டிகள். கருவிழி பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்து, தனியாகவே தின்றது.

நீதி: ஒரு பொருள் நம்மிடம் இருக்கும் நாளை மட்டும் பார்த்து அதை நல்லது என்று சொல்லிவிடாமல், அது பிறந்த இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும் பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.