ஓடுகிற எழுத்து

சென்னியப்பன் ஜெசிந்தாவிடம் சிஷ்யராகச் சேர்ந்தபோது சிஷ்யருக்கு வயது நாற்பத்து மூன்று, குருவுக்கு முப்பத்திரண்டு. குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் விதி இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கும் கிடைத்ததில்லை.

ஈரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது ஜெசிந்தா பாடம் நடத்திய ஒலி, ஒளிபரப்புப் பயிற்சிக் கல்லூரி. வானொலிக்கு ஓர் அறை, தொலைக்காட்சிக்கு ஓர் அறை. மாலையானால் இரண்டிலும் பப்ஸ் மணக்கும்.

அதற்கு முன் சென்னியப்பன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் முழுக்க அறிவிப்புச் செய்தவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, குடிநீர் நிறுத்தம், கண் சிகிச்சை முகாம். தெரு முடிவதற்குள் விஷயம் முடிய வேண்டும் என்பதே அந்தத் தொழிலின் ஒரே இலக்கணம். இப்போதெல்லாம் ஆட்டோவில் அவருக்குப் பதிலாக ஒரு பென் டிரைவ் போய்வருகிறது. அதனால்தான் படிக்க வந்தார்.

வெள்ளிக்கிழமை இறுதித் தேர்வு. உள்ளூர் கேபிள் சேனலின் செய்தி ஆசிரியர் தண்டபாணி நேரில் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் செய்தி வாசிக்க எடுத்துக்கொள்வார். வேறு எந்தச் சேனலும் தன் வயதுக்காரரைக் கூப்பிடப் போவதில்லை என்பது சென்னியப்பனுக்குத் தெரியும்.

சிக்கல் பிராம்ப்டரில் இருந்தது. கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடி. அதில் செய்தியின் எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறும். ஓரமாக உட்கார்ந்து ஒருவர் சிறு சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, எழுத்து நகரும். சுற்றியது நிலோஃபர். கூடப் படிப்பவள், இருபது வயது.

ஒத்திகையில் சென்னியப்பன் வாசிக்கத் தொடங்கினார். எழுத்து வேகமாக ஏறியது. அவர் எட்டிப் பிடித்தார். அது இன்னும் வேகமாக ஏறியது. முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. நேரம் பாதி மிச்சமிருந்தது.

"ஏன் பாப்பா, இப்படி முடுக்கற?"

"நானா அங்கிள்? நீங்க ஓடுறீங்க. நான் பின்னாடியே வர்றேன்."

"நீ ஓட்டறதாலதான நான் ஓடறேன்!"

"நீங்க ஓடுறதாலதான் நான் ஓட்டுறேன்!"

சென்னியப்பன் குருவிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க மிஸ். ஓட்டறது யாருங்க?"

ஜெசிந்தா நாற்காலிகளைக் காட்டினார். "இடம் மாறி உட்காருங்க" என்றார்.

நிலோஃபர் வாசித்தாள். சென்னியப்பன் சக்கரத்தில் விரல் வைத்தார். சக்கரத்தை எப்படி நிதானமாகச் சுற்ற வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டிவிடும் தீர்மானத்தோடுதான் வைத்தார். இரண்டாவது செய்திக்குள் விரல் பறந்தது. நிலோஃபருக்கு மூச்சு வாங்கியது.

"அங்கிள், மெதுவா!"

"நான் எங்க பாப்பா... உன் பின்னாடியேதான் வந்தேன்" என்ற சென்னியப்பன், சொல்லி முடித்ததும் தன் விரலையே உற்றுப் பார்த்தார்.

ஜெசிந்தா கேட்டார்: "மூணாவது செய்தியில ஒரு குழந்தை காணாமப் போச்சே. என்ன டிரெஸ்?"

இருவருக்கும் அது மனதில் பதிந்திருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அதே செய்தியறிக்கையைத்தான் வாசித்திருந்தார்கள்.

"அது பரீட்சையில வருங்களா மிஸ்?" என்றார் சென்னியப்பன்.

"வராது" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா விளக்கை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை தண்டபாணி வந்தார். கையில் பேனா, முகத்தில் எதையும் நம்பாத தொழில்முறைச் சலிப்பு.

நிலோஃபர் சக்கரத்தருகே உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் செய்தி, மேம்பாலம். எழுத்து ஏறியது, சென்னியப்பன் துரத்தினார். இரண்டாவது, மஞ்சள் விலை. பழைய ஆட்டோ கிளம்பிவிட்டது. தெரு முனை தெரிந்தது.

மூன்றாவது, குழந்தை.

என்ன டிரெஸ்? அவருக்கு அது இன்னமும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

"பேருந்து நிலையத்தில் தாயின் கையை விட்டுப் பிரிந்த ஐந்து வயதுச் சிறுமி..." என்று வாசித்து, அடுத்த வரியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அறையில் சத்தமே இல்லை. செய்தி அறையில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. எழுத்து நகரவில்லை. அது பாட்டுக்கு அங்கேயே நின்றது.

"...பச்சைப் பாவாடை உடுத்தியிருந்தாள். மஞ்சள் சட்டை." யாரோ எதிரில் நின்று கேட்பதுபோல் சொன்னார். "ஒரு காதில் மட்டும் கம்மல்."

அதற்குப் பிறகு எழுத்து நடந்தது, அவரும் நடந்தார். நேரம் முடிந்து விளக்கு அணைந்தபோது கடைசிச் செய்தி கண்ணாடியின் அடியிலேயே தங்கிவிட்டது.

"கிரிக்கெட் வரலையே" என்றார் தண்டபாணி.

சென்னியப்பன் தலை குனிந்தார். போயிற்று.

தண்டபாணி பேனாவை மூடிப் பையில் செருகினார். கதவு வரை போனவர் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு கிடைச்சுட்டாளா?"

"அது பயிற்சிக்காக நானே எழுதினது சார்" என்றார் ஜெசிந்தா.

தண்டபாணி இரண்டு முறை இருமினார். "திங்கக்கிழமை இவரை அனுப்புங்க. கிரிக்கெட்டை வேற யாராவது படிக்கட்டும்."

படியில் அவர் செருப்புச் சத்தம் அடங்கியது. பிறகு சென்னியப்பனுக்குப் பழைய கேள்வி ஞாபகம் வந்தது.

"மிஸ், இன்னைக்கு ஓட்டினது யாருங்க?"

ஜெசிந்தா நிலோஃபரைப் பார்த்தார். "நீயா?"

"தெரியல மிஸ். அந்தக் குழந்தை எந்தப் பக்கம் போயிருக்கும்னு யோசிச்சுட்டிருந்தேன்."

ஜெசிந்தா சென்னியப்பனைப் பார்த்தார். "நீங்களா?"

ஊர் முழுக்க அறிவிப்புச் செய்த வாய் திறந்தது. "நான் அந்த இன்னொரு கம்மலைத் தேடிட்டிருந்தேனுங்க மிஸ்."