முயல் மசாலும் மூளி ஆடும்

ஒரு ஊர்ல ஒரு பழனாத்தா. அவளுக்கு ஒரு மேய்ச்சக்காடு, ஒரு செவலை மாடு, அதோட கன்னுக்குட்டி, காது அறுந்த வெள்ளாடு ஒண்ணு. ஆட்டுக்குப் பேரு மூளி. அப்புறம் ஒரு புருசன், சென்னியப்பன். ம் சொல்லு கண்ணு.

"ம்."

காட்டுல வெறும் புல்லு. அதையே தின்னு செவலை எலும்புந்தோலுமா ஆயிருச்சு. பீச்சுனா சொட்டு, சொட்டு, அவ்வளவுதான். "இந்த மழைக்கும் தேறலைன்னா சந்தைக்கு ஓட்டிருவேன்"னுட்டான் சென்னியப்பன். கன்னுல இருந்து வளத்தவளாச்சே, பழனாத்தாளுக்கு அழுகையே வந்துருச்சு.

அப்போ மாட்டு டாக்டரம்மா மூணு படி முயல் மசால்ங்கற தீவன வெதை குடுத்தாங்க. "இது பயறு சாதி. புல்லுக்கு நடுவுல வெதைங்க, பால் ஊறும். தோலு கல்லாட்டம் இருக்கும், சுடுதண்ணியில கொஞ்ச நேரம் போட்டெடுத்து வெதைங்க"ன்னாங்க.

பழனாத்தா அந்த வேலையப் புருசங்கிட்ட உட்டா. அவன் என்ன பண்ணுனான்? 'சுடுதண்ணி ஊத்துனா வெந்து சுண்டலாயிருமே!'ன்னு கமுக்கமா பச்சத்தண்ணி ஊத்திட்டான்.

மொதப் படி வெதைச்சாங்க. மொளைக்கல. ரெண்டாம் படி வெதைச்சாங்க. எறும்பு சரசரன்னு இழுத்துட்டுப் போயிருச்சு. அப்புறம் மூணாம் படி. அதை நனைக்கறதுக்குள்ள மூளி மூட்டைக்குள்ள தலைய உட்டு, நறுக் மொறுக், நறுக் மொறுக், அத்தனையும் காலி!

"அடிப்பாவி! என்ற செவலையவே தின்னுட்டயே!"ன்னு பழனாத்தா கீழ உக்காந்து அழுதா. அப்புறம் வெளக்குமாத்தத் தூக்கிட்டு, "வீட்டுப்பக்கம் வந்தராத!"ன்னு மூளியக் காட்டுக்குள்ள தொரத்தி வேலிப் படல சாத்திட்டா.

மூளிக்கு ரோசம். மூலைக்கு மூலை நடந்துச்சு. போற எடமெல்லாம் புளுக், புளுக், புளுக். என்ன சிரிப்பு? புளுக்கைதான்!

அப்புறம் சடசடன்னு மழை. பத்து நாள் கழிச்சுப் பாத்தா, புளுக்கை கெடந்த எடமெல்லாம் பச்சை!

டாக்டரம்மா வந்து குச்சியால கிளறிப் பாத்துச் சிரிச்சாங்க. "சுடுதண்ணி செய்யற வேலைய ஆட்டு வயிறு செஞ்சிருக்கு. நீங்க சுடுதண்ணி ஊத்தலையா?"

"மாமா ஊத்துனாரே!"ன்னு பழனாத்தா புருசனப் பாத்தா.

சென்னியப்பன் வானத்தைப் பாத்துட்டே, "வெந்து சுண்டலாயிருமேன்னு பச்சத்தண்ணி..."ன்னு இழுத்தான்.

தை மாசத்துல காடெல்லாம் மஞ்சப் பூ. செவலை மினுமினுன்னு ஆயிருச்சு. சொர்ர், சொர்ர்னு பால். கன்னுக்குட்டி வாயெல்லாம் நுரை. சந்தைப் பேச்சே இல்ல.

அப்புறம் ஒரு சனிக்கெழமை, சென்னியப்பன் எண்ணெய் தேச்சுட்டுக் கல்லுல உக்காந்தான். "சுடுதண்ணி ஊத்து புள்ள!"

சலீர்!

"ஐயோ! பச்சத்தண்ணி!"

"சுட்டா வெந்து சுண்டலாயிருவீங்களோன்னு பயந்துட்டேனுங்க மாமா!"

வேலிக்கு அந்தப் பக்கம் மூளி, "மே!"

ம் சொல்லு... தூங்கிட்டயா? செரி. செவலை படுத்துருச்சு, மூளியும் படுத்துருச்சு, கதையும் படுத்துருச்சு. நீயும் தூங்கு கண்ணு.