எடை மேடைக்கு என்ன விலை

இந்தக் கதை இரண்டு வாய் தாண்டி எனக்கு வந்தது. சங்ககிரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அவருக்கு அவருடைய மைத்துனர் சொன்னாராம்.

சடையப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. நெடுஞ்சாலை ஓரம் லாரிகளை எடை போடும் மேடை ஒன்று அவருடையது. சர்க்கரை நோயில் கண் மங்கிக்கொண்டே வந்ததால் அதை விற்றுவிட முடிவு செய்தார். வாங்கக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். "வெள்ளிக்கிழமை வர்றேன். உங்க விலையைச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டிச் சொன்னால் இந்த ஒருவரும் ஓடிவிடுவார். குறைத்துச் சொன்னால் இருபத்தாறு வருஷ உழைப்பு போச்சு.

ஞாயிற்றுக்கிழமை, மலையடிவார மடத்தில் இருந்த நாச்சம்மாவிடம் போனார். அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் சடையப்பனுக்கு அவர்தான் குரு.

"இடத்துக்கு விலை தெரியும், மெஷினுக்குத் தெரியும். மத்ததுக்குத்தான் தெரியலீங்கம்மா."

"மத்ததுன்னா?"

"இத்தனை லாரியும் என் முகத்துக்காக வருதுங்களே, அது."

"வாங்க, பார்க்கலாம்."

அவர்கள் எடை மேடைக்குப் போன நேரம் ஒரு லாரி அதில் ஏறி நின்றது. டிரைவர் இருக்கையை விட்டு அசையவில்லை.

"ஏப்பா, கீழ இறங்கு!" என்று சடையப்பன் கத்தினார்.

"நான் எத்தனை கிலோ இருந்துடப் போறேன்ணே?"

"உன் வாயே பத்துக் கிலோ வரும். இறங்கு!"

டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். திரையில் எண் குறைந்து நின்றது.

"எதுக்கு அவரை இறக்கினீங்க?" என்று கேட்டார் நாச்சம்மா.

"ஆள் உள்ள இருந்தா அவன் எடையும் சேர்ந்துக்குமுங்க. அப்புறம் சரக்கு எத்தனைன்னு எப்படித் தெரியும்?"

"சரி. வெள்ளிக்கிழமை வரைக்கும் மடத்துல வந்து இருங்க. போன் இங்கயே இருக்கட்டும்."

சடையப்பன், உள்ளே எடைச் சீட்டுப் போடும் மரகதத்தைக் காட்டினார். "இந்தப் புள்ளைக்குச் சீட்டுப் போட மட்டும்தாங்க தெரியும். நான் இல்லைன்னா..."

நாச்சம்மா நடக்கத் தொடங்கியிருந்தார்.

திங்கள் முழுக்கச் சடையப்பன் மடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் சண்டை போடுவார்கள், மரகதம் அழுதுகொண்டு ஓடி வருவாள் என்று காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. வியாழக்கிழமை, தண்ணீர்ச் செம்பை எடுத்தவர் குடிக்காமல் நாச்சம்மாவிடம் போனார்.

"பயமா இருக்குதுங்கம்மா."

"மேடை நின்னு போயிருக்கும்னா?"

"வரும்போது அந்தப் பயம்தாங்க. இப்ப, நிக்காம ஓடுதோன்னு பயமா இருக்குது."

நாச்சம்மா அவர் கையிலிருந்து செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"இப்பத்தான் மேடையை விட்டு இறங்கியிருக்கீங்க. போய்த் திரையில எண்ணைப் பாருங்க."

சடையப்பன் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நான் இறங்கி விசாரித்தேன். மேடை கைமாறிவிட்டது. சடையப்பன் விலையே சொல்லவில்லையாம். வந்தவர் சொன்னதற்குத் தலையாட்டினாராம். சீட்டுப் போடுவது இன்னமும் மரகதம்தான். அந்த நாலு நாளும் ஒரு வண்டிகூடக் குறையவில்லை என்றாள்.

அதைச் சடையப்பனிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"அவர் கேக்கவே இல்லீங்க" என்றாள்.